உங்களுக்குத் தெரியுமா? விரல் நுழையாத வேலி

சிறைச்சாலை, துணைமின் நிலையம் போன்ற இடங்களைச் சுற்றி நிற்கும் ‘358’ வலைவேலிக்கு அதன் அளவுதான் பெயர்: 3 அங்குலம், அரை அங்குலம், 8 கேஜ். செங்குத்துக் கம்பிகள் 76.2 மி.மீ.க்கு ஒன்று, படுக்கைக் கம்பிகள் 12.7 மி.மீ.க்கு ஒன்று, கம்பியின் கனம் 4 மி.மீ. கனத்தைக் கழித்துவிட்டால் படுக்கைக் கம்பிகளுக்கு நடுவே மிஞ்சும் சந்து 9 மி.மீ.கூட இல்லை. பெரியவர்களின் விரல் நுழையாது. ஷூ முனை ஊன்ற இடமிருக்காது. போல்ட் கட்டரின் வாயும் திணறும்.

அப்படியானால் ஏறவே முடியாதா? ஏறியிருக்கிறார்கள். ஆப்பிரிக்கக் கரையில் ஸ்பெயினின் வசமுள்ள மெலில்லா நகரின் எல்லை வேலியில், 2014 வாக்கில் விரல் நுழையாத வலையைப் பொருத்தினார்கள். எல்லை தாண்ட வந்தவர்கள் கையில் இரும்புக் கொக்கியும், ஷூவின் அடியில் திருகாணியும் மாட்டிக்கொண்டு ஏறினார்கள். விற்பனையாளர் ‘ஏறவே முடியாது’ என்று சொன்னால், ‘வெறுங்கையோடு வருபவன் ஏற முடியாது’ என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலியின் பலத்தை நிமிடத்தில் அளக்கலாம். பிரிட்டனின் எல்.பி.எஸ். 1175 தரநிலை அப்படித்தான் மதிப்பெண் போடுகிறது. ‘பி3’ என்றால் பி வகைக் கருவிகளின் தாக்குதலை 3 நிமிடம் தாங்கும்; ‘டி10’ என்றால் அதைவிடக் கனமான கருவிகளை 10 நிமிடம். எழுத்து கருவியைச் சொல்கிறது, எண் நேரத்தை. ஆகவே விலைப்பட்டியலைப் பார்க்கும் முன் உங்கள் காவலாளியைப் பாருங்கள். மணி அடித்ததும் வேலியின் கடைசி மூலைக்கு ஓடிவர அவருக்கு 8 நிமிடம் ஆகுமென்றால், 3 நிமிட வேலி போட்ட இடத்தில் மீதி 5 நிமிடமும் திருடனுக்குத்தான். மணி அடிக்கவே வழியில்லாத இடத்தில் இந்தக் கணக்கும் கிடையாது. கேமராவோ அதிர்வு உணரும் கருவியோ இல்லாமல் விலை உயர்ந்த வலையை மட்டும் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

 

வலையைப் படுக்கையாகப் பொருத்துவதா, நிமிர்த்திப் பொருத்துவதா? இதில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் இருக்கிறது. வேலியோடு ஒட்டினாற்போல் நீளவாக்கில் பார்க்கும் கேமராவுக்குச் செங்குத்துக் கம்பிகள்தான் மறைப்பு. அவை 76 மி.மீ. தள்ளித் தள்ளி நின்றால் வெளிப்புறம் நன்றாகவே தெரியும். அதே வலையை 90 டிகிரி திருப்பிவிட்டால், 12.7 மி.மீ.க்கு ஒன்றாகச் செங்குத்துக் கம்பிகள் வந்துவிடும். சாய்கோணத்தில் அவை ஒன்றையொன்று மூடிக்கொள்ள, கேமராவுக்குத் தெரிவது வெறும் சுவர். வண்ணமும் விளையாடும். பளபளக்கும் துத்தநாகப் பூச்சு விளக்கொளியைத் திருப்பி அடித்துக் கண்ணைக் கூசவைக்கும். கறுப்போ கரும்பச்சையோ அடித்த வலைக்கு அப்பால் இருப்பது தெளிவாகத் தெரியும்.

கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும்: 8 கேஜ் சுமார் 4 மி.மீ., 10 கேஜ் 3.25 மி.மீ. பிளாஸ்டிக் பூசிய கம்பியில் இன்னொரு கண்கட்டு வித்தை நடக்கும். வெளியே 4 மி.மீ. என்று காட்டும் கம்பிக்குள் இரும்பு 3 மி.மீ.தான் இருக்கலாம். அப்போது இரும்பின் குறுக்குப் பரப்பு 4 மி.மீ. கம்பியில் இருப்பதைவிட 44 சதவீதம் குறைவு. கொள்முதல் ஆணையில் ‘பூச்சு நீங்கலாக’ என்று எழுதிவிடுவது நல்லது.

டைமண்ட் வலை பின்னிய வலை. ஒரு கம்பியை வெட்டித் திருகி உருவினால், மேலிருந்து கீழ்வரை வேலி இரண்டாகப் பிரிந்துவிடும். 358 போன்ற வெல்டிங் வலையில் ஒவ்வொரு சந்திப்பும் தனித்தனியாகப் பிடித்திருப்பதால், ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட ஒவ்வொரு கம்பியாக வெட்டித்தான் ஆக வேண்டும்.

358 வலை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 9 கிலோ. 3 மீட்டர் உயரத்தில் 100 மீட்டர் ஓடும் வேலிக்கு வலை மட்டுமே 2.7 டன் வரும். போதாததற்கு, அதன் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கம்பி அடைத்திருப்பதால் காற்றையும் வாங்கும். பழைய கம்பிவேலியின் தூண்களிலேயே இதைக் கட்டிவிடலாம் என்று சொல்லும் ஒப்பந்தக்காரரை அடித்தளக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

துரு பெரும்பாலும் வெல்டிங் புள்ளியில்தான் தொடங்கும். துத்தநாகம் பூசிய கம்பியை வெல்டிங் செய்தால், அந்தச் சூட்டில் அங்கே பூச்சு எரிந்துபோகும். முதலில் வெல்டிங், பிறகு முழு வலைப் பலகையையும் உருகிய துத்தநாகத்தில் முக்குவது என்ற வரிசைதான் உப்புக்காற்று வீசும் கடற்கரைக்கு ஏற்றது.

இனி உயரம். 2014-ல் ஒருவர் வேலி தாண்டி வெள்ளை மாளிகைக்குள்ளேயே ஓடிவிட்டார். அப்போதைய வேலியின் உயரம் சுமார் 2 மீட்டர். 2019-ல் வேலை தொடங்கிய புதிய வேலிக்கு ஏறத்தாழ 4 மீட்டர்.

இந்தியாவில் திறந்தவெளித் துணைமின் நிலையத்துக்கு விதி கேட்கும் வேலி உயரம் குறைந்தது 1.8 மீட்டர். தவறி உள்ளே போகிறவரைத் தடுக்க அது போதும். செம்புக் கம்பியைக் குறிவைத்து வருபவனுக்குப் போதாது. அங்கே போடும் உலோக வேலிக்கு எர்த்திங்கும் கட்டாயம் வேண்டும்.

வலை எவ்வளவு கெட்டியானாலும், அதைப் பிடித்திருக்கும் போல்ட் வெளிப்பக்கம் இருந்தால் ஒரு ஸ்பேனர் போதும், பலகையே கழன்று வந்துவிடும். இறுக்கியதும் தலை உடைந்து விழும் போல்ட்டைக் கேட்டு வாங்கலாம். வலையின் அடியைக் கான்கிரீட்டில் புதைக்கச் சொல்லுங்கள். மழைநீர் வெளியேறும் கால்வாயில் கம்பித் தடுப்பு இருக்கிறதா, கேட்டின் அடியில் எத்தனை அங்குலச் சந்து விட்டிருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்துவிட்டுப் பில்லுக்குக் கையெழுத்துப் போடுங்கள்.