சொல்லுக்குள் ஒரு காட்சி: திடீர் வீழ்ச்சிக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் பெயர்கள்

‘கொலாப்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் அடியில் இருப்பது ‘லாபி’ என்ற லத்தீன் வினை. நழுவுதல், வழுக்குதல் என்று பொருள். அதன் முன்னால் ‘சேர்ந்து’ என்று பொருள்படும் ஒட்டு நிற்கிறது. எல்லாம் ஒருசேர நழுவி விழுவதே கொலாப்ஸ். பாலிசி காலாவதியாவதைச் சொல்லும் ‘லாப்ஸ்’, தணிந்த நோய் திரும்பி வருவதைச் சொல்லும் ‘ரிலாப்ஸ்’ இரண்டும் இதன் உடன்பிறப்புகள். கொலாப்ஸுக்கு வெளியிலிருந்து அடி விழ வேண்டியதில்லை. தாங்கி நின்றது தாங்காமல் போனால் போதும்.

கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டுவந்த கியூபெக் பாலம் 1907 ஆகஸ்ட் 29 மாலை விழுந்தது இப்படித்தான். புயல் இல்லை, வெடி இல்லை. பாலத்தின் எடையைச் சுமக்க வேண்டிய அடிப்பகுதி உருக்கு உறுப்புகள் அந்த எடைக்கே வளைந்து மடங்கின. அவை வளையத் தொடங்கியிருப்பதை அளந்து சொன்ன பிறகும் வேலை நிறுத்தப்படவில்லை. 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒன்று மடங்கியதும் அதை நம்பி நின்ற மற்றதும் நழுவியது. அந்தச் சொல்லின் பொருளை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

‘கிராஷ்’ அப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கெல்லாம் இடம் கொடுக்காது. அது வெறும் ஒலிக்குறிப்பு; தமிழின் ‘தடால்’, ‘மடார்’ போல. பாத்திரம் உடையும் சத்தத்துக்குப் பிறந்த சொல், பின்னர் பங்குச் சந்தைக்குப் போனது. நியூயார்க்கில் 1929 அக்டோபரின் கடைசி நாள்களில் நடந்ததற்கும், 1987 அக்டோபர் 19 அன்று டௌ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் இறங்கியதற்கும் அதே பெயர்தான். சத்தமே எழாத கணினிக்கும் இன்று அது பொருந்துகிறது. ‘சர்வர் படுத்துவிட்டது’ என்று தமிழில் சொல்கிறார்களே, அது நல்ல மொழிபெயர்ப்பு. யாரும் உட்கார்ந்து செய்யாத மொழிபெயர்ப்பு.

சென்னைக்கும் ஒரு கிராஷ் உண்டு. அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபர் 22 அன்று பணம் கொடுப்பதை நிறுத்தியது. சேமிப்பை அங்கே வைத்திருந்த எத்தனையோ குடும்பங்கள் நொடித்துப்போயின. அதன் உரிமையாளர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். இந்தியர்கள் தங்களுக்கென ஒரு வங்கி வேண்டும் என்று கூடி, அடுத்த ஆண்டே இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள்.

அந்தக் கம்பெனியின் நிலையைச் சொல்லும் ‘பேங்க்ரப்ட்’ இத்தாலியிலிருந்து வந்தது. ‘பாங்கா ரோட்டா’ என்றால் உடைந்த பலகை. நாணயம் மாற்றுவோர் சந்தையில் பலகை போட்டு உட்கார்ந்திருந்த காலத்துச் சொல் அது. வங்கிக்கே அந்தப் பலகைதான் பெயர் தந்தது. உடைதலைக் குறிக்கும் அதே லத்தீன் வேரிலிருந்துதான் ‘ரப்ச்சர்’, ‘கரப்ட்’, படை சிதறி ஓடுவதைச் சொல்லும் ‘ரௌட்’ எல்லாம் கிளைத்தன. தமிழ் வழக்கில் ‘மஞ்சள் கடிதாசு கொடுத்தல்’ என்பதிலும் இப்படி ஒரு பொருள் கண்ணுக்குத் தெரிகிறது. உடைந்தது பலகை, நீட்டியது காகிதம், அவ்வளவே வேறுபாடு.

மிக அழகான சொல் ‘டிபாக்கிள்’. பிரெஞ்சில் அது தாழ்ப்பாளை நீக்குவது. குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஆறு வெயில் வந்ததும் ஒரே நாளில் உடைந்து, பனிப்பாளங்களை அடித்துக்கொண்டு பாய்வதை அந்த நாட்டார் தாழ் திறந்ததாகவே பார்த்தார்கள். சுவிட்சர்லாந்தின் பான்ய பள்ளத்தாக்கில் 1818-இல் இதன் கொடிய வடிவம் நேர்ந்தது. ஜியெட்ரோ பனியாற்றிலிருந்து விழுந்த கட்டிகள் குவிந்து ஆற்றை மறித்தன. பின்னால் பெரிய ஏரி தேங்கியது. இக்னாஸ் வெனெட்ஸ் என்ற பொறியாளர் பனிச்சுவரில் சுரங்கம் குடைந்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வடியவிட்டார். ஏரியின் ஒரு பகுதி வடிந்தும்விட்டது. ஆனால் ஜூன் 16 அன்று அணை உடைந்து, வெள்ளம் கீழேயுள்ள மார்ட்டிக்னி வரை பாய்ந்தது. 1870-இல் பிரஷ்யப் படையிடம் பிரான்ஸ் தோற்றதைப் பற்றி எழுதிய நாவலுக்கு எமிலி ஸோலா இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்தார். அடைத்து வைத்த ஒன்று கட்டுமீறிப் பாய்வது இதன் உயிர். வெறும் ‘படுதோல்வி’ என்று எழுதினால் அந்த வெள்ளம் வற்றிவிடுகிறது.

நாடக மேடை தந்தவை தனி வரிசை. கிரேக்க நாடகத்தின் இறுதித் திருப்பம் ‘கட்டாஸ்ட்ரஃபி’: கீழாகக் கவிழ்தல். ‘ஃபியாஸ்கோ’ இத்தாலியில் சாதாரண மதுக்குப்பி. மேடையில் சொதப்புவதை ‘குப்பி செய்தல்’ என்றார்கள். ஏன் குப்பி என்பதற்குக் கதைகள் பல, ஒன்றும் உறுதிப்படவில்லை. வியப்பைத் தருவது ‘எக்ஸ்ப்ளோட்’. நடிப்புப் பிடிக்காதபோது கைதட்டி நடிகரை மேடையைவிட்டு விரட்டுவதே லத்தீனில் அதன் முதற்பொருள். பாராட்டிக் கைதட்டும் ‘அப்ளாஸ்’ அதே வேர். அதைத் திருப்பிப் போட்டுப் பிற்காலத்தில் செய்த சொல் ‘இம்ப்ளோட்’: உள்நோக்கி நொறுங்குதல். டைட்டானிக்கைப் பார்க்க 2023 ஜூனில் ஐந்து பேருடன் இறங்கிய டைட்டன் நீர்மூழ்கியைக் கடலின் அழுத்தம் நசுக்கியபோது உலகச் செய்திகளில் ஓடியது அந்தச் சொல்தான்.

‘டிசாஸ்டர்’ என்பதில் இருப்பது கெட்ட நட்சத்திரம். கிரகம் சரியில்லை என்ற நினைப்பு ஐரோப்பாவிலும் இருந்தது.

‘மெல்ட்டவுன்’ அணு உலையோடு பரவியது. குளிர்விக்கும் நீர் குறைந்தால் உலையின் மையம் தன் வெப்பத்திலேயே உருகும். 1979 மார்ச்சில் பென்சில்வேனியாவின் மூன்று மைல் தீவு நிலையத்தில் மையத்தின் பாதியளவு உருகியது. பிறகு சந்தைக்கும், மனிதர் நிலைகுலைந்து கத்துவதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இதை ‘உருகுதல்’ என்று தமிழாக்கக் கூடாது. தமிழில் உள்ளம் உருகுவது அன்பால், பக்தியால், அங்கே அழிவில்லை. ‘நிலைகுலைவு’ பொருந்தும்.

இத்தனைக்கும் ‘வீழ்ச்சி’ என்ற ஒரே சொல்லைப் போட்டு நிரப்பும் வழக்கம் செய்தி எழுத்தில் பரவிவிட்டது. ரோமப் பேரரசு பல தலைமுறைகளாகத் தேய்ந்ததும் வீழ்ச்சிதான். தக்காளி விலை இரண்டு ரூபாய் இறங்கினாலும் வீழ்ச்சிதான். திடீரென்ற அதிர்ச்சியை அது தாங்காது. கட்டடத்துக்குச் ‘சரிந்தது’, ஆட்சிக்குக் ‘கவிழ்ந்தது’, வண்டிக்குக் ‘குடைசாய்ந்தது’, வியாபாரத்துக்கு ‘நொடித்தது’ என்று தமிழிடமும் காட்சியுள்ள சொற்கள் நிறைய உள்ளன. டிபாக்கிளுக்குச் சரியான சொல் காவிரிக் கரை உழவர்களிடம் இருக்கிறது. வெள்ளம் கரையைப் பிளந்து பாய்ந்தால் அவர்கள் சொல்வது ‘உடைப்பெடுத்துவிட்டது’.