ஒரு துளி இரத்தமும் ஒரு கரிக்கோடும்



பழனி மலையடிவாரத்துப் பாலசமுத்திரத்திலிருந்து வரும் சர்க்கரை நோயாளிகளின் விரலிலிருந்து ஒரு துளி இரத்தத்தைச் சிறு பட்டையில் வைக்கிறோம். நாங்கள் பயன்படுத்தும் பட்டையிலுள்ள கறுப்புக்கோடு வெறும் கரிதான். இரத்தத்திலுள்ள சர்க்கரை பட்டையின் என்சைமோடு வினைபுரியும்போது வெளிவரும் எலக்ட்ரான்களை அக்கரி வாங்கிக் கருவிக்குக் கடத்துகிறது. சர்க்கரை கூடினால் மின்னோட்டமும் கூடும். 1962இல் லேலண்ட் கிளார்க் காட்டிய வழியிலிருந்து வளர்ந்தது இது.

1991இல் ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ இஜிமா விவரித்த கரி நானோகுழாய்கள் தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லியவை. சிறிதளவு கரியிலேயே பரப்பு மிகுதி. ஆகவே மிக நுண்ணிய மின்னோட்டமும் தெளிவாகக் கிடைக்கும். நம் மாநிலத்தில் காரைக்குடியில், 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய உணரிகளை ஆராய்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் எழுந்த நிறுவனம் அது! கொடுக்கும் கரங்களை நன்கறிந்த உங்களுக்கு இதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

ஆனாலும் பட்டையை அப்படியே நம்பிவிடுவதில்லை. டப்பாவை மூடாமல் விட்டால் ஈரத்தில் பட்டை கெடும். இரத்தசோகையுள்ள தாய்மாருக்கு அது சர்க்கரையைக் கூட்டிக் காட்டக்கூடும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்து. ஆகையால் அவர்களுக்கு மருந்தை மாற்றுமுன் நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வகத்திலும் பார்த்துவிடுகிறோம்.