காவிரித் தண்ணீர் வந்தாச்சு... ஓட்டேரி ஏரியை இனி யார் கவனிப்பது?

வேலூரிலிருந்து ஆரணி சாலையில் கணியம்பாடிக்குப் போகும் வழியில் வருகிறது பாகாயம். அதன் அருகே, பாலமதி மலை அடிவாரத்தில் இருக்கிறது ஓட்டேரி ஏரி. ஒரு காலத்தில் வேலூர் நகரமே குடித்தது இந்த ஏரித் தண்ணீரைத்தான். இன்றைக்கு நகரத்தின் குழாய்களில் வருவது மேட்டூரிலிருந்து கொண்டுவரப்படும் காவிரி நீர்.

நல்ல விஷயம்தானே? குடிநீருக்கு நல்லதுதான். ஆனால், ‘வேலை போன’ ஏரிக்கு என்ன ஆகும்?

குழாய் வந்ததும் ஏரி ஏன் அநாதையாகிறது?

ஊருக்குத் தண்ணீர் தரும் ஏரியில் நீர்மட்டம் இறங்கினால், அது உடனே எல்லோருக்கும் தெரிந்துவிடும். குழாயில் காற்று வரும், கவுன்சிலர் வீட்டு வாசலில் குடங்கள் வரிசை கட்டும். அந்தப் பயத்திலாவது ஏரியை யாரோ கவனித்துக்கொண்டே இருப்பார்கள்.

வெளியூர்த் தண்ணீர் வந்த பிறகு அந்தக் கண்காணிப்பு இல்லாமல் போகிறது. வரத்துக் கால்வாய் மண்மூடினாலும், ஒருவர் அதில் சுவர் எழுப்பினாலும் உடனடியாக யாருக்கும் நஷ்டமில்லை. அதனால் யாரும் புகார் கொடுப்பதில்லை. பாசன ஏரிகளிலும் இதே கதைதான். போர்வெல் வந்தபின், ஊரே சேர்ந்து ஏரியைப் பராமரித்த குடிமராமத்துப் பழக்கம் மெல்ல மறைந்தது. 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

வடமேற்கு இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியிலும் கிட்டத்தட்ட இதே நிலைமை. அங்குள்ள என்னர்டேல், கிரம்மக் ஏரிகள் பல காலம் குடிநீர் தந்தவை. என்னர்டேலிலிருந்து ஓடும் ஆற்றில் அரிய நன்னீர் முத்துச்சிப்பிகள் இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்ற, வேறொரு நீர்த்தேக்கத்திலிருந்து புதிய குழாய் போட்டார்கள். 2022-ல் அது பயன்பாட்டுக்கு வந்தது. தண்ணீர் எடுப்பது நின்றதும் வேலை முடிந்தது என்று விடவில்லை. நீர்மட்டத்தை உயர்த்தக் கட்டிய தடுப்புகளை அகற்றி, ஏரிகளைப் பழைய இயல்புக்குத் திருப்பலாமா என்ற அடுத்த கட்டத்துக்குப் போனார்கள்.

அப்படியானால் நாமும் கரையை உடைத்துவிடலாமா?

கூடாது. அங்கே இருப்பவை பனிப்பாறைகள் குடைந்த இயற்கை ஏரிகள். தடுப்பை எடுத்தாலும் ஏரி இருக்கும். நம் ஊர் ஏரிகளில் பெரும்பாலானவை மனிதர்கள் கரை போட்டு உருவாக்கியவை. கரை போனால் ஏரியும் போய்விடும்.

சிம்பிளாகச் சொன்னால், நம் ஏரிக்கு ‘இயல்பு நிலை’ என்பது ஒரு சங்கிலி. மலையில் விழும் மழை ஓடையாக இறங்கி, வரத்துக் கால்வாய் வழியாக ஏரிக்கு வரும். ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும், கடைசியில் ஆற்றில் சேரும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஏரி வெறும் பள்ளம்தான்.

எங்கே தவறு நடக்கிறது?

‘ஏரி சீரமைப்பு’ என்றதும் ஜேசிபி வரும். நடுவில் ஆழமாகத் தோண்டி, சுற்றிலும் செங்குத்தாகக் கரை எழுப்பி, கல் பதித்து, நடைபாதை போட்டு, செல்ஃபி பாயின்ட் வைத்துவிடுவார்கள். போட்டோவில் பார்க்க சூப்பராக இருக்கும். ஆனால் அது ஏரி அல்ல, தொட்டி.

ஏரியின் உயிர் இருப்பது ஆழம் குறைந்த விளிம்புகளில்தான். கோரையும் நாணலும் வளர்வது, கொக்கும் நாரையும் இரை தேடுவது, மீன் முட்டையிடுவது எல்லாம் அங்கேதான். அதனால் ஒரு பக்கமாவது சரிவான கரை வேண்டும். வண்டல் மண்ணை ஒரேயடியாகச் சுரண்டாமல் அளவாக எடுத்தால் அது வயலுக்கு உரம். தரையை ஆக்கிரமிக்கும் சீமைக் கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும், ஆனால் கரை மண்ணைப் பிடித்து நிற்கும் நாட்டு மரங்களை விட்டுவைக்க வேண்டும். இதையெல்லாம்விட முதல் வேலை, தண்ணீர் வரும் வழியைத் திறப்பது.

கணியம்பாடியில் நடந்தது என்ன?

மலையிலிருந்து வேலையைத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதற்குக் கணியம்பாடி பக்கமே உதாரணம் இருக்கிறது. ஜவ்வாது மலையில் பிறக்கும் நாகநதி வருடக்கணக்கில் வறண்டு கிடந்தது. வாழும் கலை அமைப்பும் நூறு நாள் வேலைத் திட்டமும் கைகோத்ததில், கணியம்பாடி ஒன்றியத்தில் தொடங்கி ஆயிரக்கணக்கான பெண்கள் களத்தில் இறங்கினார்கள்.

அவர்கள் செய்தது பெரிய அணை எதுவும் இல்லை. மலை ஓடைகளின் குறுக்கே கற்களை அடுக்கித் தடுப்பு போட்டார்கள். அதனால் பாய்ந்து வரும் வெள்ளம் வேகம் குறைந்து, மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் நிதானமாக இறங்கும். ஆற்றுப்படுகையில் சிமென்ட் உறைகளை இறக்கி உறிஞ்சு கிணறுகள் அமைத்தார்கள். மேலே ஓடும் நீர் அவற்றின் வழியே நிலத்துக்குள் போகும். 2021 செப்டம்பரில் ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் பிரதமர் மோடி இந்தப் பெண்களைப் பற்றிப் பேசினார்.

பாலமதி மலைக்கும் ஓட்டேரிக்கும் இதே லாஜிக் பொருந்தும். மலையில் நீர் நின்று நிதானமாக இறங்கினால்தான் ஏரிக்கு வண்டல் குறைவாகவும் தண்ணீர் அதிக நாளும் வரும்.

காவிரி இருக்கும்போது இது எதற்கு?

வேலூருக்கு இது அழகுப் பிரச்சினை இல்லை. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகையில் பல இடங்களில் நிலத்தடி நீர் கெட்டுப்போயிருக்கிறது. சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதை 1996-லேயே உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்ததும் அந்தத் தீர்ப்புதான். கிட்டத்தட்ட 30 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியிலும் பாலாறு மாசு குறித்து அதே நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டி வந்தது.

ஒரு முறை கெட்ட நிலத்தடி நீரைச் சரிசெய்ய ஒரு தலைமுறை போதவில்லை. அப்படிப்பட்ட மாவட்டத்தில், மலையில் விழும் மழையை நேரடியாக வாங்கி நிலத்துக்குள் அனுப்பும் ஒவ்வொரு ஏரியும் சேமிப்புக் கணக்கு மாதிரி. மேட்டூரில் நீர்மட்டம் இறங்கினாலோ, நடுவழியில் குழாய் உடைந்தாலோ, கைகொடுக்கப்போவது பக்கத்துக் கிணறும் போர்வெல்லும்தான்.

யார் கேட்க வேண்டும்?

ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-லேயே தமிழகத்தில் தனிச் சட்டம் வந்துவிட்டது. அது வேலை செய்ய, யாராவது கேட்க வேண்டும். ஊராட்சிகளில் உலக தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊர் ஏரியின் வரத்துக் கால்வாய் எங்கே தொடங்குகிறது, இப்போது எங்கே அடைபட்டிருக்கிறது என்று அங்கே கேட்கலாம்.

அதற்கு முன் ஒரு சின்ன டெஸ்ட். அடுத்த பெருமழை முடிந்ததும், பாதுகாப்பான இடத்தில் நின்று கால்வாயைப் பாருங்கள். தண்ணீர் ஏரிக்குப் போகிறதா, ரோட்டுக்குப் போகிறதா? ரோட்டுக்கு என்றால் ஒரு போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். கிராம சபையில் காட்ட உதவும்.