வீட்டு வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா?

தீபாவளி நெருங்கினால் சிராங்கூன் சாலை ஒளியூட்டைப் பார்க்காமல் நமக்கு நிறைவு வராது. சாலைக்கு மேலே வளைவு வளைவாக விளக்குகள், பக்கத்தில் நகைக்கடைகளின் மின்னல், தேக்கா நிலையத்தைச் சுற்றிக் கூட்டம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால், பல குடும்பங்களில் ஒருவராவது கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “போதும், வீட்டுக்குப் போவோமே” என்பார். வீட்டுக்கு வந்தாலும் அவருக்கு நிம்மதி இல்லை. சமையலறையில் வெள்ளை டியூப்லைட், சன்னல் வழியாக நடைபாதை விளக்கு, பக்கத்தில் படுத்திருப்பவரின் கைப்பேசி என்று வெளிச்சம் விடாமல் துரத்தும்.

இதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. உலக இரவு வானத்தின் செயற்கை வெளிச்சத்தை அளந்து 2016ல் வெளிவந்த வரைபடத்தில், ஒளி மாசு மிக அதிகமுள்ள நாடாகச் சிங்கப்பூர் குறிக்கப்பட்டது. கண் முழுமையாக இருட்டுக்குப் பழக முடியாத அளவுக்கு வெளிச்சமான வானத்தின்கீழ் நம் மக்கள் அனைவரும் வாழ்கிறோம் என்றது அந்த ஆய்வு. தெருவிளக்கை நாம் அணைக்க முடியாது. ஆனால், வீட்டுக்குள் செய்யக்கூடியவை நிறைய உண்டு.

ஏன் கூசுகிறது?

ஒளிக்கூச்சம் தனி நோய் அன்று, வேறொன்றின் அறிகுறி. அதற்கு ஒற்றைத் தலைவலி ஒரு முக்கியக் காரணம். குளிர்சாதன அறையில் நாள் முழுவதும் திரையைப் பார்ப்பதால் வரும் கண் வறட்சி, தொடுவில்லையால் ஏற்படும் உறுத்தல், தலையில் அடிபடுதல் ஆகியவையும் காரணமாகலாம்.

நம் விழித்திரையில் உருவங்களைக் காட்டும் செல்களோடு, வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளைக்குச் சொல்லும் செல்களும் உள்ளன. நீல ஒளியில்தான் அவை அதிகம் விழித்துக்கொள்கின்றன. பார்வையற்றவர்களில்கூட, வெளிச்சத்தை உணர முடிந்தவர்களுக்கு வெளிச்சம் பட்டால் ஒற்றைத் தலைவலி கூடுகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர் ராமி பர்ஸ்டைன் குழுவினர் 2010ல் காட்டினர். 2016ல் அதே குழுவினர், பல நிறங்களில் மெல்லிய பச்சை ஒளிதான் வலியை மிகக் குறைவாகத் தூண்டுகிறது என்றும் கண்டறிந்தனர்.

ஒரே கூடம், மூன்று கண்கள்

வீவக வீட்டில் உண்மையான சிக்கல் இங்குதான். அம்மாவுக்குத் தலைவலி, விளக்கை அணைக்கச் சொல்கிறார். தாத்தா நாளிதழ் படிக்க வேண்டும். பேத்திக்கு மறுநாள் தேர்வு. மூவரும் ஒரே கூடத்தில்!

இதில் தாத்தா அடம்பிடிப்பதாக நினைக்கக்கூடாது. 20 வயதுக்காரரின் விழித்திரைக்குக் கிடைக்கும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக்காரருக்குக் கிடைக்கிறது. வீடு முழுவதையும் இருட்டாக்கினால் அவர் படிக்க முடியாது. இரவில் தடுக்கி விழவும் கூடும்.

எனவே, வெளிச்சத்தை மொத்தமாகக் குறைக்காமல் இடம் பிரித்துக் கொடுக்க வேண்டும். கூரை விளக்கு ஒன்றையே நம்பியிருக்காமல், தாத்தாவின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு நிற்கும் விளக்கும், படிப்பு மேசையில் ஒரு மேசை விளக்கும் வைக்கலாம். அவற்றின் ஒளி தாளில் விழட்டும். யார் கண்ணிலும் நேராகப் படவேண்டாம். அம்மா அமரும் மூலையில் சுவரை நோக்கித் திருப்பிய சிறு விளக்கு போதும்.

விளக்கு வாங்கும்போது

பெட்டியில் கெல்வின் அளவு அச்சிட்டிருப்பார்கள். 6500 என்றால் நீலம் கலந்த பளிச்சென்ற வெள்ளை. 2700 என்றால் இதமான மஞ்சள். படுக்கையறைக்கும் கூடத்துக்கும் 2700 முதல் 3000 வரை ஏற்றது. பல்பு வெளியே தெரியாதபடி மங்கலான மூடி இருப்பது நல்லது.

அடுத்தது துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய வகை டியூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். தரம் குறைந்த எல்இடி விளக்குகளும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்கு இதுவே தலைவலியைக் கிளப்பும். கைப்பேசியில் ‘ஸ்லோ மோஷன்’ காணொளி எடுத்துப் பாருங்கள். கோடுகளோ மினுக்கலோ தெரிந்தால் அந்த விளக்கை மாற்றலாம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ‘டிம்மர்’ பொருத்துவதென்றால், அதற்கு ஏற்ற பல்புதானா என்று பார்த்து வாங்குங்கள். சுவருக்குள் இருக்கும் கம்பி வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

கூசுகிறதே என்று வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி அணிந்துகொள்வது பலரின் பழக்கம். அது சிக்கலை வளர்க்கும். கண் இருட்டுக்குப் பழகி, சாதாரண வெளிச்சமும் தாங்காமல் போகும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு ‘எஃப்எல்-41’ எனும் இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட வில்லைகள் உண்டு. கண் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். கணினிக்கென விற்கப்படும் நீல ஒளி வடிகட்டிக் கண்ணாடியை நம்பிப் பணம் செலவழிக்குமுன் யோசியுங்கள். 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2023 காக்ரேன் ஆய்வறிக்கை, அது கண் சோர்வைக் குறைப்பதற்குத் தெளிவான சான்று காணவில்லை.

தூக்கத்துக்கு இருட்டு

தூக்க நேரத்தை உடலுக்கு அறிவிப்பது மெலட்டோனின் சுரப்பு. இப்போது இங்குள்ள டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றும் ஜோஷுவா கூலி, அமெரிக்காவில் 116 இளையர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2011ல் வெளிவந்தது. படுக்குமுன் சாதாரண அறை வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கு, மங்கிய ஒளியில் இருந்தபோது சுரந்ததைவிட மெலட்டோனின் சுரக்கும் நேரம் சுமார் 90 நிமிடம் குறைந்தது. படுக்கைக்கு முந்தைய மூன்று மணி நேரம் வெளிச்சத்தை நன்றாகக் குறைக்க வேண்டும் என்று 2022ல் அனைத்துலக நிபுணர் குழு ஒன்றும் பரிந்துரைத்தது.

நடைபாதை விளக்கு உள்ளே வந்தால் கனத்த திரைச்சீலை உதவும். காற்றுக்காகச் சன்னலைத் திறந்து வைக்கும் வீடுகளில் கண்மறைப்புப் பட்டையே எளிது, மலிவு. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வில், அதை அணிந்து உறங்கியவர்கள் மறுநாள் கூடுதல் விழிப்புடன் இருந்தனர். அதிகாலை ஒலிபரப்புக்காக இரவு எட்டரைக்கே படுக்கும் நான், வீட்டார் நடமாடும்போது உறங்க அதைத்தான் நம்பியிருக்கிறேன்.

முதியவர் கழிவறைக்குப் போகும் வழியில் முழங்காலுக்குக் கீழே சிவப்பு அல்லது மஞ்சள் நிறச் சிறு விளக்கு எரியட்டும். சாமி மாடத்துச் சிவப்பு பல்பு தூக்கத்தைக் கெடுக்கும் வகையன்று. படுக்கையறையிலேயே மாடம் இருந்தால், ஒளி தலையணைப் பக்கம் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மாத்திரை விஷயத்தில் கவனம் தேவை. மெலட்டோனினை மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டே எடுக்க வேண்டும். தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரைகள் முதியவர்களுக்குக் குழப்பத்தையும் தடுமாற்றத்தையும் தரலாம். மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல் பாராசிட்டமால் விழுங்கினால், மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகலாம்.

காலையில் வெயில் வேண்டும்

1982ல் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியது. அதனால் இங்கு சூரியன் உதிப்பது ஏறத்தாழ காலை 7 மணிக்கு. நம் பிள்ளைகளில் பலர் விடியுமுன்பே பள்ளிக்குக் கிளம்புகிறார்கள். பகலில் நல்ல வெளிச்சம் கிடைத்தால்தான் உடல் கடிகாரம் சரியாக ஓடும். பிள்ளைகளின் கிட்டப்பார்வையைத் தள்ளிப்போடவும் வெளிப்புற வெளிச்சம் உதவும். ஒளிக்கூச்சம் உள்ளவர்களும் பகல் முழுவதும் திரையை இழுத்துவிட்டு உட்காராமல், தொப்பி அணிந்து காலை இளவெயிலில் நடப்பது நல்லது.

எப்போது காத்திருக்கக்கூடாது?

திடீரென வெளிச்சம் தாங்காமல் போய், கண் சிவந்து வலித்தால், அல்லது பார்வை மங்கினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். தொடுவில்லை அணிபவர் உடனே அதைக் கழற்றிவிட வேண்டும். காய்ச்சல், கழுத்து விறைப்பு, கடும் தலைவலி சேர்ந்து வந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நாள்பட்ட கூச்சமென்றால் பலதுறை மருந்தகத்தில் தொடங்கலாம். எந்த நேரத்தில், எந்த விளக்கின்கீழ், எத்தனை மணி நேரம் வலித்தது என்று இரண்டு வாரம் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

செலவில்லாமல் இன்றே ஒன்றைச் செய்து பார்க்கலாம். இரவு 9 மணிக்குக் கூடத்தின் கூரை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மேசை விளக்கை மட்டும் போடுங்கள். தாத்தாவுக்கு எது தேவை, அம்மாவுக்கு எது தாங்கும் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அதன்பிறகு கடைக்குப் போய் விளக்கு வாங்கலாம்.