சறுக்கினால்தான் ஜெயிக்கலாம்! ரிமோட் கார் டிரிஃப்ட் போட்டியில் யாருடன் யார் மோதுவது?

அம்பத்தூரிலிருந்து பத்தாவது படிக்கும் பையன் ஒருவன் போட்டிக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். கையில், பிறந்தநாளுக்கு அப்பா வாங்கிக் கொடுத்த ரிமோட் கார். நான்கு சக்கரமும் சுழலும் சாதாரண மாடல். ஆறு மாதமாக மொட்டைமாடியில் பழகியிருக்கிறான். எதிரே நிற்பவர் கைநிறையச் சம்பாதிப்பவர். பின் சக்கரம் மட்டும் இயங்கும் ஜப்பான் சேஸிஸ், கார்பன் ஃபைபர் பாகங்கள் என்று பார்த்துப் பார்த்துச் செதுக்கிய கார். இருவரையும் ஒரே போட்டியில் இறக்கிவிட்டால், பையன் முதல் சுற்றிலேயே வெளியே போவான். அடுத்த மாதம் வரவே மாட்டான்.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் நண்பர்கள் சேர்ந்து டிரிஃப்ட் போட்டி நடத்த நினைத்தால், கோப்பை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்: எத்தனை பிரிவுகள், எந்தப் பிரிவில் யார்?

வேகம் அல்ல, சறுக்கல்!

டிரிஃப்ட்டில் முதலில் வருபவர் ஜெயிப்பதில்லை. வளைவில் காரின் பின்பகுதியை வேண்டுமென்றே சறுக்கவிட்டு, முன் சக்கரத்தை எதிர்த்திசையில் திருப்பி, கட்டுப்பாடு போகாமல் ஓட்ட வேண்டும். போகும் கோடு, சறுக்கும் கோணம், ஓட்டும் அழகு ஆகியவற்றுக்கு நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். தகுதிச் சுற்றில் தனியாக ஓட்டம். பிறகு இருவர் இருவராக மோதல்: ஒருவர் முன்னே போக, மற்றவர் ஒட்டிக்கொண்டே துரத்துவார். அடுத்த ஓட்டத்தில் இடம் மாறும்.

ஜப்பான் மலைப்பாதைகளில் வளர்ந்த இந்தக் கலையின் குட்டி வடிவம்தான் 1/10 அளவு ரிமோட் கார். ரப்பருக்குப் பதில் வழுக்கும் கடின பிளாஸ்டிக் டயர். தொடக்கத்தில் பி.வி.சி. குழாயை வளையமாக வெட்டி மாட்டியவர்களும் உண்டு. பின் சக்கர டிரைவ் கார்களில் கைரோ என்ற சிறு கருவி, கார் சுழலப் போவதை உணர்ந்து ஸ்டியரிங்கைத் தானே திருத்தும்.

கரிவரதன் காட்டிய வழி

பிரிவு பிரிப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்த்த தலைமுறை இங்கே உண்டு. 1990-ல் பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பாதையே வந்துவிட்டது. மோட்டார் ரேஸில் இன்ஜின் சி.சி. பார்த்துப் பிரிப்பது பழைய வழக்கம். கோவை கரிவரதன் இன்னும் ஒரு படி போனார். மாருதி இன்ஜினை வைத்து, குறைந்த செலவில் ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை உருவாக்கினார். எல்லோருக்கும் ஒரே இன்ஜின் என்றால், பணத்தைவிட ஓட்டும் திறமைதான் பேசும். அந்த ஃபார்முலா மாருதியில் ஓட்டிய நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியரானார்.

மூன்று போதும்

அதே கணக்கு குட்டி காருக்கும் பொருந்தும். முதல் பிரிவு, புதியவர்களுக்கு: நான்கு சக்கர டிரைவ், கடையில் வாங்கியபடியே. மோதல் வேண்டாம், தனி ஓட்டம் போதும். இரண்டாவது, பின் சக்கர டிரைவ்: கைரோ உண்டு, மோட்டாருக்கு வரம்பு உண்டு. மூன்றாவது, அனுபவசாலிகளுக்கு: டயர் தவிர எதிலும் கட்டுப்பாடு இல்லை.

டயர் மட்டும் மூன்று பிரிவிலும் ஒரே ரகம். தரைக்குத் தரை பிடிப்பு மாறும் என்பதால், அமைப்பாளரே அதைக் கையில் கொடுத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் 'அவன் டயரால ஜெயிச்சான்' என்ற பேச்சு மாலைவரை ஓயாது.

ஆசைப்பட்டு ஆறேழு பிரிவு வைத்தால் வேறு சிக்கல். 12 பேர் வந்து நான்கு பிரிவாகப் பிரிந்தால், பிரிவுக்கு மூன்று பேர்தான். எல்லோருக்கும் கோப்பை கிடைக்கும், போட்டி இருக்காது. ஆறு பேர்கூடச் சேராத பிரிவை வேறொன்றுடன் இணைப்பதாக முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

நேரக் கணக்கும் முக்கியம். 16 பேர் நாக்-அவுட் என்றால் 15 மோதல்கள். ஒன்றுக்கு நான்கு நிமிடம் வைத்தாலே ஒரு மணி நேரம். சமன் ஆனால் மறு ஓட்டம் வேறு.

வீட்டு பட்ஜெட்டும் விதிதான்

பழம் தின்று கொட்டை போட்டவர்கள் கோப்பைக்காகப் புதியவர் பிரிவில் நுழைவது எங்கும் நடக்கும். இரண்டு முறை ஜெயித்தவர் மேல் பிரிவுக்குப் போக வேண்டும் என்று எழுதி வைத்தால் தீர்ந்தது. மச்சான் ஓட்டும்போது மாமா நடுவராக உட்காரக் கூடாது. ஒருமுறை போட்ட விதியை ஒரு வருடத்துக்கு மாற்றவும் கூடாது. ஜனவரியில் வாங்கிய கார் ஜூனில் செல்லாது என்றால், அடி விழுவது அந்த வீட்டின் மாதச் செலவில்.

இடம்? முகூர்த்தம் இல்லாத நாளில் காலியாக இருக்கும் கல்யாண மண்டபத்தின் வழவழ தரையைக் கேட்டுப் பார்க்கலாம். மழையும் தொல்லை செய்யாது. லித்தியம் பாலிமர் பேட்டரிகளைச் சார்ஜ் ஏற்றத் தனி மேஜை, தீப்பிடிக்காத பை, பக்கத்தில் ஒரு பெரியவர். இதில் மட்டும் எந்தப் பிரிவுக்கும் சலுகை கிடையாது.

இப்போது அதே அம்பத்தூர் பையன், தன்னைப் போன்ற ஏழெட்டுப் பேருடன் முதல் பிரிவில் நிற்கிறான். நான்காவதாக வந்தாலும், மூன்றாம் இடத்துக்கு எத்தனை மதிப்பெண் குறைந்தது என்று அவனுக்குத் தெரியும். வீட்டுக்குப் போகும் வழியில் அப்பாவிடம் கேட்பான்: "அடுத்த மாசம் எப்பப்பா?"