கண்ணாடி எதைத் திருப்புகிறது?

கானாடுகாத்தான் பக்கம் நகரத்தார் வீடுகளில் பெல்ஜியம் கண்ணாடிகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படியொரு கண்ணாடி முன் வடக்குப் பார்த்து நின்று, வலக்கையைத் தூக்குங்கள். அது கிழக்குப் பக்கத்துக் கை. பிம்பமும் கிழக்குப் பக்கத்துக் கையைத்தான் தூக்கும். தலை மேலே, கால் கீழே, அதிலும் மாற்றமில்லை. ஒளி பட்ட கோணத்திலேயே திரும்புவதால் மாறுவது முன்பின் மட்டும்தான்: நீங்கள் வடக்கே பார்க்க, பிம்பம் தெற்கே பார்க்கிறது. எதிரே ஓர் ஆள் திரும்பி நிற்பதாக நம் மனம் எடுத்துக்கொள்கிறது. உடனே பிம்பம் தூக்கிய கை இடக்கையாகிவிடுகிறது.

நிஜமான இடவல மாற்றத்தைக் காண ஆத்தங்குடிக்குப் போகலாம். அங்கே தரைக்கல்லின் முகப்பு கீழே இருக்கும்படி, கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றுகிறார்கள். வார்க்கும்போது வலப்பக்கம் சாய்ந்த கொடி, கல்லைப் புரட்டினால் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அதை முன்கூட்டியே கணக்கிட்டு வார்க்கும் கை அபாரமானது!