விமானமும் பஸ்ஸும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்குப் பயணம் என்பது பொழுதுபோக்கன்று, உறவுக் கடமை. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் முன்கூட்டியே நாள் குறித்து ரயிலில் இடம் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால், பெற்ற தாய் உயிருக்குப் போராடுகிறாள் என்ற செய்தி நாள் குறித்து வருவதில்லை. அத்தகைய வேளையில்தான் நம்மிற் பலர் கைப்பொருளை எண்ணாது விமானம் ஏறுகின்றனர். அவர்கள் உரிய நேரத்தில் ஊர் போய்ச் சேர்கின்றனரா? இவ்வினாவுக்கு விடை விமானத்தில் இல்லை. விமானம் இறங்கிய பின் ஏறவேண்டிய பஸ்ஸில் இருக்கிறது.

இவ்வுண்மையை நம் ஐதராபாத்திலேயே கண்டோம். 2008 மார்ச்சு வரையில் பயணிகள் விமானங்கள் நகரின் நடுவேயுள்ள பேகம்பேட்டையில் இறங்கின. அம்மாதத்தில் அவை ஷம்ஷாபாத்துக்கு மாறின. நிலையம் பெரிதாயிற்று, தொலைவும் பெரிதாயிற்று. அவ்விடைவெளியை நிரப்புதற்கு அரசுப் போக்குவரத்துக் கழகம் 'புஷ்பக்' என்னும் பஸ்களை ஓட்டிவருகிறது. இராமகாதையின் புஷ்பக விமானத்தை நினைவூட்டும் பெயர் பஸ்ஸுக்கு அமைந்தது பொருத்தமே. இந்நகரில் விமானத்துக்கும் பஸ்ஸுக்கும் வேறொரு பழைய உறவும் உண்டு. நிஜாம் ஆட்சியில் 1932-இல் அரசுப் பஸ் போக்குவரத்து 27 வண்டிகளுடன் தொடங்கிற்று. அதற்குக் கவுலிகூடாவில் நிலையமாக அமைந்தது, விமானங்களை நிறுத்துதற்கென ஆக்கப்பெற்ற இரும்புக் கொட்டகையே! அக்கொட்டகை 2018 ஜூலையில் சரிந்து விழுந்தது.

இனி, நம் சொந்த மாவட்டங்களின் பக்கம் பார்ப்போம். சேலத்துக்குரிய விமான நிலையம், நகருக்கு வெளியே, ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் இருக்கிறது. 2018 மார்ச்சில் அங்கிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கிப் பின்னர் நின்றது. 2023 அக்டோபரில் மீண்டும் உயிர் பெற்றபோது, பெங்களூரு, கொச்சி ஆகிய ஊர்களோடு ஐதராபாத்துக்கும் இணைப்புக் கிட்டிற்று. சேலம், நாமக்கல், தர்மபுரி மாவட்டத்தார்க்கு இது பெரும் பேறு. பஸ்ஸில் இரவு முழுதும் கழியும் 750 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி, சில மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது.

எனினும், சிறிய நிலையத்தின் இடர் இறங்கிய பின்னரே தெரியும். அங்கே நாள் முழுதும் விமானங்கள் வருவதில்லை. ஆதலால் வாயிலில் பஸ்கள் வரிசையாகக் காத்திருக்கவும் வழியில்லை. அண்மையிலேயே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. நம் ஷம்ஷாபாத்தைக் கடந்து கர்நூல், பெங்களூரு, கிருஷ்ணகிரி வழியாகக் கன்னியாகுமரி வரை ஓடும் அதே சாலைதான்! ஆனால், சாலையில் விரையும் நெடுந்தூரப் பஸ் எல்லாம் கைகாட்டியவுடன் நின்றுவிடுமா? வானில் மிச்சப்படுத்திய பொழுதைச் சாலையோரத்தில் செலவிட நேர்வது, சாண் ஏற முழம் சறுக்கிய கதையாகும்.

ஆகவே, புறப்படுமுன்னரே வழியின் பிற்பகுதியைத் திட்டமிடுதல் நன்று. நாமக்கல், கரூர், ஈரோடு செல்வோர் சேலம் புதிய பஸ் நிலையத்தை அடைதல் வேண்டும். மேட்டூர் செல்வோர் ஓமலூரிலேயே வழி திரும்பலாம். தர்மபுரிக்குச் செல்வோர் சேலத்துக்குள் புகுந்து மீளுதல் வீண் சுற்று. விமானம் தாமதித்தால் பஸ் நமக்காகக் காத்திராது. ஆதலால் முன்பதிவு செய்யும்போது இரண்டு மணி நேரமேனும் இடைவெளி விடுதல் அறிவுடைமை. முதியோர் தனியே வருவதாயின், உறவினர் ஒருவர் நிலைய வாயிலுக்கே வந்து அழைத்துச் செல்லட்டும். வாடகைக் காரில் செல்ல நேர்ந்தால், உடன் வந்தவர்களுள் அவ்வழியே செல்வாருடன் சேர்ந்து செல்லின் செலவு பாதியாகும்.

இவை நாமே செய்துகொள்ளக் கூடியவை. அரசினர் செய்யவேண்டிய ஒன்றும் உண்டு. இத்தகைய சிறு நிலையங்களுக்கு விடப்படும் பஸ், கடிகாரத்தைப் பார்த்துப் புறப்படுதல் ஆகாது. விமானத்தைப் பார்த்துப் புறப்படுதல் வேண்டும். விமானம் ஒரு மணி பிந்தினால் பஸ்ஸும் ஒரு மணி பிந்தட்டும். அங்கு வரும் சிறிய விமானத்தில் எண்பது பேருக்கும் குறைவாகவே அமர இடமுண்டு. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் ஏறினாலும் ஒரு பஸ் பாதிக்கு மேல் நிரம்பிவிடும். மக்களின் வரிப் பணத்தால் வானூர்திக் கட்டணத்தைக் குறைக்க உதவும் அரசுக்கு, நிலத்தில் ஒரு பஸ்ஸை நிறுத்திவைத்தல் அரிதோ?

நம் சங்கத்தாரும் இங்கே ஆற்றக்கூடிய பணி ஒன்று இருக்கிறது. தெலுங்கும் இந்தியும் அறியாத பெற்றோர் தமிழகத்திலிருந்து ஷம்ஷாபாத்தில் வந்து இறங்குகின்றனர். மகனோ மகளோ பணியிலிருந்து வர இயலாத வேளையில், அவர்களை எதிர்கொண்டு உரிய பஸ்ஸில் ஏற்றிவிட நம் இளைஞர்கள் முறை வைத்துக்கொண்டு முன்வருவார்களாயின், அதனினும் சிறந்த தமிழ்த்தொண்டு வேறில்லை.